நாட், கிலோமீட்டர், மாக்: விமான வேகத்தையும் கப்பல் வேகத்தையும் மாற்றிக் கணக்கிட முழு வழிகாட்டி

விமானங்களைக் காட்டும் செயலியில், தலைக்கு மேலே போகிற விமானத்தைத் தொட்டால் 447 என்று ஓர் எண் வரும். கப்பல்களைக் காட்டும் தளத்தில் ஒரு சரக்குக் கப்பலைத் தொட்டால் 13.2. இரண்டுமே நாட் கணக்கு. வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையோ மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்று சொல்லும். பழைய அமெரிக்கச் சிறு விமானத்தின் வேகமானியில் மைல் இருக்கும். ரஷ்ய விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பில் விநாடிக்கு இத்தனை மீட்டர். போர் விமானம் என்றால் மாக், அதாவது ஒலியின் வேகத்தைப்போல எத்தனை மடங்கு என்ற கணக்கு.

ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிற பெருக்கல், அஞ்சாம் வகுப்புக் கணக்குதான். அதில் யாரும் பெரிதாகத் தடுமாறுவதில்லை. எந்த மைல், எதைப் பொறுத்த வேகம், எந்த உயரத்தில் என்று கேட்காமல் பெருக்க உட்கார்ந்துவிடுகிறோம். சிக்கல் முக்கால்வாசி அங்கேதான். அதனால் இந்த வழிகாட்டியில் பெருக்கலுக்குக் கொஞ்ச இடமும் அந்தக் கேள்விகளுக்கு நிறைய இடமும் கொடுத்திருக்கிறேன்.

படி 1: கடல் மைல் எவ்வளவு என்று உறுதி செய்துகொள்ளுங்கள்

ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல். ஒரு கடல் மைல் சரியாக 1852 மீட்டர். சாலையில் சொல்லும் மைல் வேறு, அது 1609.344 மீட்டர். இரண்டுக்கும் 15 சதவீத வித்தியாசம்.

1852 எங்கிருந்து வந்தது? பூமியை வடக்கு தெற்காகச் சுற்றி அளந்தால் ஏறத்தாழ 40,000 கி.மீ. அதை 360 டிகிரியாகவும், ஒவ்வொரு டிகிரியையும் 60 நிமிடமாகவும் பிரித்தால் ஒரு நிமிடத்துக்கு 1852 மீட்டர் சொச்சம் கிடைக்கும். அதாவது அட்சரேகையில் ஒரு நிமிடம் நகர்ந்தால் ஒரு கடல் மைல். நேர் வடக்காக 12 நாட் வேகத்தில் போகிற கப்பல் ஐந்து மணி நேரத்தில் 60 கடல் மைல் போயிருக்கும். வரைபடத்தில் அது ஒரு டிகிரி. மாலுமிகள் இந்த அலகை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த வசதிதான் காரணம். விமானிகளும் அதே வரைபடப் பழக்கத்தைக் கடலிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

வரைபடத்தில் டிவைடரை வைத்து அளக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. படத்தின் இடது, வலது ஓரங்களில் இருக்கும் அட்சரேகை அளவுகோலில்தான் தூரத்தைப் படிக்க வேண்டும். அதுவும் நீங்கள் அளக்கும் இடத்துக்கு நேர் பக்கவாட்டில். மேலேயும் கீழேயும் இருக்கும் தீர்க்கரேகை அளவுகோலை இதற்குத் தொடக் கூடாது. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கி நெருங்கிக்கொண்டே போகும். சென்னை இருக்கும் 13 டிகிரி அட்சத்தில் ஒரு நிமிடத் தீர்க்கம் 0.974 கடல் மைல் வரும் என்பதால் பிழை கண்ணில் படாது. 60 டிகிரியில் அது சரிபாதி ஆகிவிடும். அங்கே கணக்கிட்ட வேகமும் இரண்டு மடங்கு தப்பாக வரும்.

1852 என்ற எண்ணை உலகம் ஒரே நாளில் ஏற்றுக்கொள்ளவில்லை. 1929-இல் மொனாக்கோவில் கூடிய நீர்ப்பரப்பு அளவையாளர்களின் மாநாடு அதை முடிவு செய்தது. அமெரிக்கா 1954 வரை, பிரிட்டன் 1970 வரை தங்கள் பழைய கணக்கிலேயே இருந்தன. பிரிட்டனின் பழைய கடல் மைல் 6080 அடி, அதாவது 1853.18 மீட்டர். ஒரு மீட்டர் சொச்சம்தானே என்று தோன்றும். அன்றாடக் கணக்குக்கு அது ஒன்றும் செய்யாது. 3000 கடல் மைல் பயணத்தில் ஏறத்தாழ இரண்டு மைல் தள்ளிப்போகும். எக்செலின் கன்வர்ட் ஃபங்ஷனில் இன்றைய நாட் அலகுக்கு ஒரு குறியும், பழைய அட்மிரால்டி (பிரிட்டிஷ் கடற்படை) நாட் அலகுக்குத் தனியாக இன்னொரு குறியும் உண்டு. 'கேஎன்' என்றால் இன்றையது. முன்னால் 'ஏடிஎம்' ஒட்டியிருந்தால் பழையது. பட்டியலில் மாறித் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள்.

பாய்மரக் காலத்தில் வேகத்தை அளந்த முறையைத் தெரிந்துகொண்டால் இந்த எண்கள் கையில் பிடிபடும். மரப்பலகை ஒன்றைக் கயிற்றில் கட்டிக் கப்பலின் பின்னால் கடலில் போடுவார்கள். கயிற்றில் 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. 28 விநாடி மணற்கடிகாரம் காலியாவதற்குள் எத்தனை முடிச்சு கை வழியே ஓடியதோ அத்தனை நாட். இன்றைய அலகில் சரிபார்ப்போம். 47.25 அடி என்பது 14.40 மீட்டர். அதை 28-ஆல் வகுத்தால் விநாடிக்கு 0.514 மீட்டர். ஒரு நாட் என்பதன் இன்றைய மதிப்பும் அதேதான். மணலையும் கயிற்றையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருக்கமாக வந்திருக்கிறார்கள்!

படி 2: இந்த நான்கு எண்கள் போதும்

1 நாட் = மணிக்கு 1.852 கி.மீ.
1 நாட் = விநாடிக்கு 0.5144 மீட்டர்
1 நாட் = மணிக்கு 1.1508 சாலை மைல்
1 நாட் = நிமிடத்துக்கு 101.3 அடி

முதலாவது துல்லியமான மதிப்பு. மற்றவை சுருக்கி எழுதியவை. திருப்பி மாற்ற வேண்டுமானால் அதே எண்ணால் வகுத்தால் சரி. கிலோமீட்டரை மைலாக்கி, மைலை நாட்டாக்கி என்று சுற்றி வராமல் நேராகப் போங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் சுருக்கினால் பிழை சேரும். சுருக்குவது கடைசியில் ஒரே ஒரு முறை இருக்கட்டும்.

அலகை எண்ணோடு சேர்த்தே எழுதுங்கள். இது ஏதோ பள்ளிக்கூடக் கண்டிப்பு என்று நினைக்க வேண்டாம். 1999 ஏப்ரலில் ஷாங்காயிலிருந்து கிளம்பிய கொரியன் ஏர் சரக்கு விமானம் விழுந்து நொறுங்கியதற்கு, கட்டுப்பாட்டு அறை சொன்ன 1500 மீட்டர் உயரத்தை விமானி அறையில் 1500 அடியாகக் குழப்பிக்கொண்டதுதான் தொடக்கம். அது உயரத்தில் வந்த குழப்பம். வேகத்தில் வந்தாலும் விளைவு இளக்கமாக இருக்காது.

இன்னொன்று, 'மணிக்கு 20 நாட்' என்று செய்தித்தாள்கள்கூட எழுதிவிடுகின்றன. நாட் என்ற அலகுக்குள்ளேயே 'மணிக்கு' இருக்கிறது. '20 நாட்' என்றால் போதும்.

சரி, ஒரு முழுக் கணக்கு. 1952 ஜூலையில் எஸ்.எஸ். யுனைடெட் ஸ்டேட்ஸ் என்ற பயணிகள் கப்பல் அட்லாண்டிக்கைக் கிழக்கு நோக்கிக் கடந்து சாதனை படைத்தது. தூரம் 2942 கடல் மைல்; நேரம் 3 நாள் 10 மணி 40 நிமிடம்.

நேரத்தை முதலில் மணிக்கு மாற்றுங்கள். 72-உம் 10-உம் சேர்த்து 82. 40 நிமிடம் என்பது 0.667. மொத்தம் 82.667 மணி. நிறையப் பேர் இந்த இடத்தில் 82.40 என்று போட்டுவிடுவார்கள். 2942-ஐ 82.667-ஆல் வகுத்தால் 35.59 நாட். 1.852-ஆல் பெருக்கினால் மணிக்கு 65.9 கி.மீ. அதே 2942-ஐச் சாலை மைல் என்று நினைத்துக் கணக்கிட்டிருந்தால் மணிக்கு 57 கி.மீ.தான் வந்திருக்கும். சாதனையே காணாமல் போயிருக்கும்.

படி 3: மனக்கணக்கு

நாட்டைக் கிலோமீட்டராக்க, இரண்டு மடங்காக்கிப் பத்தில் ஒரு பங்கைக் கழி என்பார்கள். அது 1.8-ஆல் பெருக்குவது, கிட்டத்தட்ட மூன்று சதவீதம் குறைவாக வரும். கழித்ததில் கால் பங்கைத் திரும்பச் சேர்த்தால் 1.85 ஆகிவிடும். தொடக்கத்தில் சொன்ன 447-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இரட்டித்தால் 894. பத்தில் ஒன்று 89, கழித்தால் 805. 89-இல் கால் பங்கு 22, சேர்த்தால் 827. கால்குலேட்டர் சொல்வது 827.8.

எதிர்த்திசை இன்னும் சுலபம். கிலோமீட்டரில் பாதியை எடுத்து, முழு எண்ணின் நான்கு சதவீதத்தைச் சேருங்கள். மணிக்கு 65 கி.மீ. என்றால் பாதி 32.5, நான்கு சதவீதம் 2.6, ஆக 35.1 நாட். இந்த வழி எனக்கு மிகவும் பிடிக்கும். பிழை பத்தாயிரத்தில் ஒன்றுகூட இல்லை.

மற்றவற்றுக்கு: நாட்டைச் சாலை மைலாக்க 15 சதவீதம் கூட்டுங்கள், மைலை நாட்டாக்க 13 சதவீதம் கழியுங்கள். விநாடிக்கு மீட்டரை நாட்டாக்க இரட்டித்து மூன்று சதவீதம் கழித்தால் போதும்.

தூரத்துக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. ஆறு நிமிடம் என்பது மணியில் பத்தில் ஒன்று. ஆகவே நாட் எண்ணில் புள்ளியை ஓர் இடம் இடப்பக்கம் தள்ளி வைத்தால் ஆறு நிமிடத்தில் போகும் கடல் மைல் கிடைக்கும். 14 நாட் என்றால் 1.4 கடல் மைல். துறைமுக வாயிலில் மீட்டரில் யோசிக்க வேண்டியிருந்தால், ஒரு நாட்டுக்கு நிமிடத்துக்கு 31 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: எதைப் பொறுத்த வேகம் என்று கேளுங்கள்

12 நாட் என்று கப்பலின் வேகமானி காட்டினால் அது தண்ணீரைப் பொறுத்த வேகம். எதிரே 2 நாட் நீரோட்டம் இருந்தால் தரையைப் பொறுத்து 10 நாட்தான். ஜிபிஎஸ் காட்டுவது இந்த 10-ஐ. எப்போது ஊர் போய்ச் சேருவோம் என்பதற்கு 10 வேண்டும். சுக்கான் எப்படிப் பிடிக்கும் என்பதற்கு 12 வேண்டும்.

விமானத்தில் இது இன்னும் ஒரு படி சிக்கல். வேகமானி அளப்பது முகத்தில் மோதும் காற்றின் அழுத்தத்தை. மேலே போகப் போகக் காற்று மெலிவதால், விமானம் உண்மையில் வேகமாகப் போனாலும் கருவி குறைவாகவே காட்டும். ஆயிரம் அடிக்கு இரண்டு சதவீதம் கூட்டிக்கொள்வது விமானிகளின் பழைய கணக்கு. 35,000 அடியில் கருவி 265 நாட் காட்டினால் 70 சதவீதம் கூட்ட வேண்டும். காற்றைப் பொறுத்த உண்மை வேகம் 450 நாட். 265-ஐ நேரே 1.852-ஆல் பெருக்கி மணிக்கு 491 கி.மீ. என்று சொன்னால் பெருக்கல் சரி, பதில் தப்பு.

அப்புறம் காற்று. அதே 450 நாட் விமானத்தை 80 நாட் காற்று பின்னாலிருந்து தள்ளினால் தரைவேகம் 530 நாட், மணிக்கு 982 கி.மீ. எதிரே அடித்தால் 370 நாட், மணிக்கு 685 கி.மீ. செயலியில் தெரிவது இந்தத் தரைவேகம். 2019 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சலஸிலிருந்து லண்டன் போன விர்ஜின் அட்லாண்டிக்கின் போயிங் 787 ஒன்று, பென்சில்வேனியாவுக்கு மேலே மணிக்கு 801 மைல் தொட்டது. நாட்டில் 696, கிலோமீட்டரில் 1289. ஒலியை முந்திவிட்டதா என்று பலர் கேட்டார்கள். இல்லை. 787-இன் வழக்கமான வேகம் அந்த உயரத்தில் ஏறத்தாழ 490 நாட். மிச்சம் 200 நாட்டுக்கு மேல், உயரத்தில் வேகமாக வீசும் ஜெட் காற்றோட்டம் தள்ளிக் கொடுத்தது. சுற்றியிருந்த காற்றுக்குள் அது ஒலியைவிட மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

காற்றையும் நீரோட்டத்தையும் கூட்டுவது, கழிப்பது எல்லாமே நாட்டில் முடியட்டும். கிலோமீட்டர் என்பது வீட்டில் கேட்கிறவர்களுக்குச் சொல்ல. அதைக் கணக்கின் கடைசி வரியில் மட்டும் கொண்டுவாருங்கள்.

படி 5: மாக் வந்தால் வெப்பநிலை வேண்டும்

மாக் 1 = மணிக்கு 1225 கி.மீ. என்று இணைய மாற்றிகள் பலவும் கண்ணை மூடிக்கொண்டு போடும். அது கடல் மட்டத்தில், 15 டிகிரி செல்சியஸில் மட்டும் உண்மை. ஒலியின் வேகம் வெப்பநிலையைப் பொறுத்து மாறும். விமானங்கள் பறக்கும் உயரத்தில் குளிர் அதிகம், அதனால் ஒலி மெதுவாகப் போகும்.

சூத்திரம் சின்னதுதான். செல்சியஸோடு 273 கூட்டிக் கெல்வின் ஆக்குங்கள். அதன் வர்க்கமூலத்தை 39-ஆல் பெருக்குங்கள். ஒலியின் வேகம் நாட்டில் கிடைத்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டுமானால் 38.97.

ஏர்பஸ் ஏ320 ஒன்று 35,000 அடியில் மாக் 0.78-இல் போகிறது, வெளியே மைனஸ் 54 டிகிரி. 273-இல் 54 போக 219. வர்க்கமூலம் 14.8. அதை 38.97-ஆல் பெருக்க 577 நாட். அதில் 0.78 பங்கு 450 நாட், மணிக்கு 833 கி.மீ. முன் படியில் ஆயிரம் அடிக்கு இரண்டு சதவீதம் என்ற வழியில் வந்ததும் இதே 450. 1225-ஐ வைத்துப் பெருக்கியிருந்தால் 955 கி.மீ. வந்திருக்கும். 120 கி.மீ. கூடுதல்!

வரலாற்றிலும் சோதித்துப் பார்க்கலாம். 1947 அக்டோபர் 14-இல் சக் யேகர் பெல் எக்ஸ்-1 விமானத்தில் ஒலியை முந்தியபோது அளவு மாக் 1.06, வேகம் மணிக்கு 700 மைல். கடல் மட்ட மதிப்பை வைத்துப் பார்த்தால் மாக் 1.06 என்பது 807 மைல்; 700 என்பது ஒலித்தடையைத் தொடவே இல்லை. ஆனால் அவர் பறந்தது 43,000 அடியில். அங்கே திட்ட வளிமண்டலக் கணக்கில் (சராசரி நிலை என்று பொதுவாக ஒப்புக்கொண்ட கணக்கு) மைனஸ் 56.5 டிகிரி, ஒலி 574 நாட். 1.06-ஆல் பெருக்கினால் 608 நாட், அதாவது 700 மைல். கச்சிதமாகப் பொருந்துகிறது.

படி 6: காற்றும் புயலும்

மீனவர் எச்சரிக்கையில் அடிக்கடி வரும் வாசகம்: மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும், இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும் சூறாவளிக் காற்று வீசக்கூடும். பாதி எடுத்து நான்கு சதவீதம் கூட்டுங்கள். 24 முதல் 30 நாட், இடையிடையே 35. காற்றின் பலத்தை எண்ணால் வரிசைப்படுத்தும் போஃபர்ட் அளவுகோலில் 34 நாட்டில் எட்டாம் எண், அதாவது கடுங்காற்று, தொடங்குகிறது. அந்த 'இடையிடையே' எவ்வளவு பெரிய விஷயம் என்பது நாட்டில் பார்த்தால்தான் உறைக்கும்.

இந்திய வானிலைத் துறையின் புயல் வரையறையை நாட்டில் சரிபார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். புயல் என்பது 34 முதல் 47 நாட். கிலோமீட்டரில் 62 முதல் 88 என்று இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 34 நாட் 63 கி.மீ.யும், 47 நாட் 87 கி.மீ.யும் வருகிறது. பட்டியல் தப்பு இல்லை. அடுத்த வகையான தீவிர புயல் 48 நாட்டில், அதாவது 89 கி.மீ.யில் தொடங்குகிறது. நடுவில் 88-க்கு ஓர் இடம் வேண்டுமே! நாட்டில் முழு எண்களாக வகுத்த பட்டியலைக் கிலோமீட்டருக்குக் கொண்டுவரும்போது ஓட்டை விழாமல் நிரப்பியிருக்கிறார்கள். வகை எது என்று முடிவு செய்ய வேண்டுமானால் நாட் பட்டியலைப் பாருங்கள்.

ஒரே புயலுக்கு அமெரிக்க மையம் அதிக வேகம் சொல்கிறதே என்று குழம்பினால், அங்கே அலகு மாற்றிப் பயன் இல்லை. இந்தியத் துறை மூன்று நிமிடச் சராசரியை எடுக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் கூட்டுப் புயல் எச்சரிக்கை மையம் ஒரு நிமிடச் சராசரியை எடுக்கிறது. குறுகிய நேரச் சராசரி எப்போதும் சற்று அதிகமாகவே வரும்.

விமான நிலைய வானிலைக் குறிப்பான மெட்டாரில் 24012 என்று ஐந்து இலக்கமும், பின்னால் 'கேடி' என்ற குறியும் இருந்தால் 240 டிகிரி திசையிலிருந்து 12 நாட் காற்று. ரஷ்யாவிலும் சீனாவிலும் அந்த இடத்தில் 'எம்பிஎஸ்' இருக்கும். அப்போது அதே 12 என்பது விநாடிக்கு 12 மீட்டர், 23 நாட். குறியைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் காற்று பாதியாகிவிடும். வானிலை வரைபடத்தில் அம்பின் வாலில் நீளக் கோடு 10 நாட், குட்டைக் கோடு 5, முக்கோணக் கொடி 50.

படி 7: இறங்கும் வேகம், படகின் நீளம்

ஏறும், இறங்கும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை அடி என்று சொல்வார்கள். மூன்று டிகிரிச் சரிவில் தரையிறங்க, தரைவேக நாட்டை ஐந்தால் பெருக்கினால் போதும்: 140 நாட் என்றால் நிமிடத்துக்கு 700 அடி. துல்லியமாக 743. விநாடிக்கு ஒரு மீட்டர் என்பது ஏறத்தாழ 200 அடி.

பாய்மரப் படகின் உச்ச வேகத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: நீர்க்கோட்டு நீளத்தின் (தண்ணீர் மட்டத்தில் படகின் நீளம்) வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கு. இது நீளம் அடியில் இருந்தால் மட்டும். மீட்டரில் போட்டால் பெருக்க வேண்டிய எண் 2.43. ஒன்பது மீட்டர் படகுக்கு 7.3 நாட். எண்ணுக்குள்ளேயே அலகு ஒளிந்திருக்கும் இத்தகைய சூத்திரங்களில்தான் கூடுதல் கவனம் வேண்டும். தண்ணீருக்கு மேலே எழும்பி ஓடும் படகுகளுக்கு இது பொருந்தாது. 2012-இல் நமீபியாவின் வால்விஸ் பே-யில் பால் லார்சன் பாய்மரப் படகில் 500 மீட்டர் தூரத்துக்குச் சராசரி 65.45 நாட் எடுத்தார். மணிக்கு 121 கி.மீ., வெறும் காற்றில்!

படி 8: கருவியும் நிரலும்

ஜிபிஎஸ் கருவியின் அமைப்புகளில் வேகத்தையும் தூரத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். வேகம் நாட்டிலும் தூரம் கிலோமீட்டரிலும் இருந்தால், மீதி நேரத்தை மனதில் கணக்கிடும்போது நிச்சயம் இடறும்.

சொந்தமாக நிரல் எழுதுகிறவர்களுக்கு: ஜிபிஎஸ் சில்லிலிருந்து நேரடியாக வரும் 'ஆர்எம்சி' வரியில் வேகம் நாட்டில் இருக்கும். ஆண்ட்ராய்டும் ஐபோனும் தரும் வேகம் விநாடிக்கு மீட்டரில். வரும் எண்ணோடு அலகு ஒட்டியிருக்காது; மாறியின் பெயரிலேயே அலகைச் சேர்த்துவிட்டால் தலைவலி மிச்சம். ஐபோனில் வேகம் கிடைக்காதபோது மைனஸ் மதிப்பு வரும். அதைப் பெருக்கிக் காட்டாதீர்கள்.

கப்பல்கள் ஒலிபரப்பும் ஏஐஎஸ் செய்தியில் வேகம் நாட்டின் பத்தில் ஒரு பங்கில் முழு எண்ணாக வரும். 132 என்றால் 13.2 நாட். 1023 என்றால் வேகம் தெரியவில்லை என்று அர்த்தம். ஏதாவது வரைபடத்தில் நங்கூரமிட்ட சரக்குக் கப்பல் ஒன்று 102.3 நாட் வேகத்தில், மணிக்கு 189 கி.மீ. எனப் பறந்துகொண்டிருந்தால், இந்த வரியைப் படிக்காத யாரோ எழுதிய நிரல் அது.